கான்டோஜில ஒரு மணி நேரம் நடக்குற அம்மா, வீட்டுப்பக்கத்து பார்க்குல பத்து நிமிஷத்துல ஏன் உக்காந்துடுறாங்க?

தங்கச்சி கேட்டது சுருக்கமா இதுதான். அம்மாவ கூட்டிக்கிட்டு ரங்கூன் கான்டோஜி ஏரிக்கரையில ஒரு மணி நேரம் நடந்தா முட்டி வலின்னு ஒரு வார்த்தை வராது, ஆனா வீட்டுக்கிட்ட இருக்குற சின்ன பார்க்குல ரெண்டு சுத்து வந்ததுமே "போதும்டி போலாம்"ங்குறாங்க, ரெண்டு இடத்துலயும் மரம் இருக்கு பெஞ்சு இருக்கு, அப்புறம் ஏன் இப்படி, அதோட அந்த பார்க்க சரி பண்ணப் போறாங்கன்னு வார்டுல பேச்சு அடிபடுது, நாங்க என்ன கேக்கலாம்னு. நல்ல கேள்வி. நான் சிங்கப்பூர்ல கொஞ்ச வருஷம், அப்புறம் இங்க ரங்கூன்ல, தோட்டம் பார்க் போடுற கான்ட்ராக்டர்ங்க கிட்ட பிளான் வரையுற வேலை பார்த்தவன், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

அம்மாவோட முட்டியில கோளாறு இல்ல, அந்த பார்க்கோட பாதையிலதான் கோளாறு. எத்தனை ஏக்கர், எத்தனை மரம்னு எல்லாரும் கணக்கு சொல்லுவாங்க, ஆனா ஒரு பார்க்குல நாம அனுபவிக்கிறது முழுக்க கால் போற வழியா வர்றதுதான். எங்க நுழையுறோம், எது முதல்ல கண்ணுல படுது, எது மறையுது, எங்க நிக்கத் தோணுது, இத பாதைதான் தீர்மானிக்குது.

முதல்ல ஷ்வேடகோன் பயா, அதான் இந்த ஊர் பெரிய தங்க புத்த கோயில், அதுல இருந்து ஆரம்பிக்கிறேன். அது பார்க் இல்லன்னு தெரியும், ஆனா மனுஷன நடக்க வைக்கிற வித்தையில இந்த ஊர்ல அத மிஞ்ச எதுவும் கிடையாது. நாலு திசையிலயும் கூரை போட்ட படிக்கட்டு, ஏறும்போது வெளிச்சம் கம்மியா இருக்கும், ரெண்டு பக்கமும் பூவும் ஊதுபத்தியும் விக்கிற கடை, எங்க போய் முடியும்னு சரியா தெரியாது, மேல கால வச்சதும் திடீர்னு வெயிலும் தங்கமும் சேர்ந்து கண்ண கூசும். அப்புறம் வலமா சுத்தணும். சுத்துற வழியில பொறந்த கிழமைக்கு ஒரு மூலை, புதன்கிழமைய மட்டும் முற்பகல் பிற்பகல்னு ரெண்டா பிரிச்சு மொத்தம் எட்டு. அவங்கவங்க மூலை வந்ததும் நின்னு அங்க இருக்குற சிலைக்கு தண்ணி ஊத்திட்டு மறுபடி நடப்பாங்க. எழுபது வயசு பாட்டி வெறுங்காலோட அந்த சுத்து முழுக்க சுத்திட்டு "கால் வலி"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. நம்ம சிவன் கோயில் பிரகாரமும் இதே கணக்குதானே, தெற்கு சுவர்ல தட்சிணாமூர்த்தி, சுத்தி வடக்கே வந்தா சண்டிகேஸ்வரர், திரும்புற எடத்துல எல்லாம் ஒருத்தர் காத்துக்கிட்டு இருப்பாரு, அதனால பிரகாரம் நீளமா தெரியாது.

இத மனசுல வச்சுக்கிட்டு கான்டோஜிக்கு வாங்க. அது இயற்கை ஏரி இல்ல, வெள்ளக்காரன் காலத்துல ஊருக்கு தண்ணிக்காக உண்டாக்குனது, இன்யா ஏரியில இருந்து குழாய் போட்டு தண்ணி கொண்டு வந்தாங்க. ஆனா கரைய சதுரமா வெட்டல, உள்ள போய் வெளிய வந்து கோணல்மாணலா கிடக்கும். அந்த கோணல்தான் உங்க அம்மாவ நடக்க வைக்குது. தெற்கு கரையிலயும் மேற்கு கரையிலயும் இருக்குற மரப்பலகை பாதையில நடந்து பாருங்க, ஒரு வளைவுல ஷ்வேடகோன் தெரியும், அடுத்த வளைவுல மரம் மறைச்சிடும், அப்புறம் தண்ணிக்குள்ள தலைகீழா தெரியும், திரும்பிப் பார்த்தா அந்தப் பக்கம் காரவெய்க், 1970கள்ல ராஜா காலத்து படகு மாதிரி காங்கிரீட்ல கட்டுனது. ஒரே பொருள காட்டி, மறைச்சு, வேற கோணத்துல மறுபடி காட்டுறது. ஜப்பான் தோட்டக்காரங்க இதுக்கு மியெகாகுரேன்னு பேரே வச்சிருக்காங்க. அவங்க இன்னொன்னும் செய்வாங்க, மிதிகல்ல சின்னதா ஒழுங்கில்லாம போட்டு நம்மள குனிஞ்சு கால பார்க்க வச்சு, எந்த எடத்துல நாம நிமிர்ந்து பார்க்கணுமோ சரியா அங்க ஒரு பெரிய கல்ல போட்டு வச்சிருப்பாங்க. நாம என்னமோ தற்செயலா நிமிர்ந்து பார்த்தோம்னு நெனச்சுக்குவோம்.

இன்னொரு சின்ன விஷயம், பலகை லேசா அமுங்கும், காங்கிரீட் அமுங்காது. முட்டி வலி இருக்குறவங்களுக்கு ஒரு மணி நேரத்துல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இப்ப உங்க வீட்டுப்பக்கத்து பார்க். நீங்க சொன்னத வச்சு நான் படம் போட்டா இப்படி வரும்: நீள்சதுரம், ஒரே ஒரு கேட், சுத்துச்சுவர ஒட்டியே நாலு பக்கமும் சிமெண்டு பாதை, நடுவுல புல், அதுல காலு வைக்காதேன்னு ஒரு போர்டு. சரியா? கேட்டுல நின்னாலே மொத்த பார்க்கும் தெரிஞ்சுடும். முதல் சுத்துலயே பார்க்க வேண்டியது எல்லாம் பார்த்தாச்சு, ரெண்டாவது சுத்து வெறும் உடற்பயிற்சி, மூணாவது சுத்து தண்டனை. போதாததுக்கு பாதை சுவர ஒட்டி இருக்குறதால பஸ் சத்தமும் புகையும் உங்க காதோட மூக்கோட வரும், அமைதியான நடு இடம் புல்லுக்கு, சத்தமான ஓரம் மனுஷனுக்கு. யோசிச்சுப் பார்த்தா சிரிப்பு வரும், ஆனா பாதி ஊர்ல இப்படித்தான் போடுறாங்க, ஏன்னா படம் போட லேசு, அளக்க லேசு, பில் போடவும் லேசு.

உடனே "அப்ப பாதைய வளைச்சு வளைச்சு போட்டா சரியாயிடுமா"ன்னு கேப்பீங்க. அங்கதான் நானே ஒரு தடவை நல்லா விழுந்தேன். ஒரு குடியிருப்புக்கு நடுவுல சின்ன பார்க், நான்தான் பிளான் போட்டேன், பேப்பர்ல பார்க்க பாம்பு மாதிரி அழகா வளைஞ்சு வளைஞ்சு போகும், முதலாளிக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. திறந்து மூணு மாசத்துல புல்லுக்கு நடுவுல நேரா ஒரு ஒத்தையடிப் பாதை விழுந்துடுச்சு. ஏன்னா ஒரு பக்கம் பஸ் நிக்கிற எடம், எதிர்ப்பக்கம் சந்தை, காலையில கூடைய தூக்கிக்கிட்டு ஓடுற பொம்பளைங்க என் பாம்புக்கு பின்னாடியா சுத்திக்கிட்டு இருப்பாங்க? மேஸ்திரி கோவப்பட்டு முள்ளுச்செடி வச்சாரு, அத மிதிச்சாங்க. கம்பி கட்டுனாரு, அத வெட்டிட்டாங்க. கடைசியில அந்த தடத்து மேலயே செங்கல் பாவுனோம், அன்னைக்கோட சண்டை முடிஞ்சுது. வளைவுக்கு ஒரு காரணம் வேணும்ங்கறது எனக்கு அப்பதான் உறைச்சுது. நடுவுல ஒரு பெரிய மரம் இருக்கு, மேடு இருக்கு, குளம் இருக்கு, அதுக்காக வளையுதுன்னா கால் ஏத்துக்கும். ஒண்ணுமே இல்லாத தரையில வளைச்சா கால் நேராத்தான் போகும். ஒத்தையடிப் பாதைய நம்ம ஊர்ல ஒழுங்கீனம்னு திட்டுவாங்க, நான் அத ஜனங்க கையெழுத்து போட்ட மனுன்னு சொல்லுவேன். ரெண்டு பாதை சந்திக்கிற முக்க எல்லாம் சரியா செங்குத்தா வெட்டி வைக்கிறாங்களே, அதுவும் இதே தப்புதான், எல்லாரும் மூலைய மிதிச்சுதான் திரும்புவாங்க, முக்க கொஞ்சம் அகலமா சரிச்சு விட்டா புல்லும் பிழைக்கும்.

அவசரமா கடக்குறவங்களையும் ஆற அமர நடக்குறவங்களையும் ஒரே பாதையில போட்டு முட்ட விடக் கூடாது, இது புது யோசனையும் இல்ல. நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு 1858ல ஓம்ஸ்டெட், வோக்ஸ்னு ரெண்டு பேர் போட்ட பிளான்ல ஊர குறுக்கால கடக்குற நாலு ரோட்ட தரைக்கு கீழ பள்ளத்துல இறக்கிட்டாங்க, குதிரைக்கு தனி வழி, வண்டிக்கு தனி வழி, நடக்குறவனுக்கு தனி வழி, அங்கங்க பாலம். மேல நடக்குறவனுக்கு கீழ ரோடு போறதே பெருசா தெரியாது. நம்ம சின்ன பார்க்குக்கு பாலம் எல்லாம் வேண்டாம், நேரா ஒரு குறுக்கு வழி, அத தொட்டும் தொடாமலும் ஒரு சுத்து வழி, அவ்வளவு போதும்.

வளைவுன்னு சொன்னதும் சிங்கப்பூர் பீஷான் பார்க் ஞாபகம் வருது. அங்க 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடா ஒரு காங்கிரீட் கால்வாய் இருந்துச்சு, பார்க்குக்கும் தண்ணிக்கும் நடுவுல வேலி. அந்த காங்கிரீட்ட உடைச்சுட்டு 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு போற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க, வேலி கிடையாது, ஆத்த கடக்க கல்லு போட்டிருப்பாங்க, புள்ளைங்க அதுல தாவிக்கிட்டு இருக்கும். மழை கொட்டினா கரையோட புல்வெளி வரைக்கும் தண்ணி ஏறும், எச்சரிக்கை விளக்கு எரியும், ஜனங்க மேல ஏறிடுவாங்க. அதுக்கு முன்னால பல வருஷமா கால்வாய் ஓரமா நடந்தவங்க தண்ணிய தொட்டிருக்கவே மாட்டாங்க.

கேட் விஷயத்துக்கு வர்றேன், இது பாதைய விட முக்கியம்னு கூட சொல்லலாம். நியூயார்க்ல பிரையன்ட் பார்க்னு ஒண்ணு, தெருவ விட உசரத்துல, சுத்தி வேலியும் அடர்த்தியா செடியும், உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய இருக்குறவனுக்கு தெரியாது. 1970கள்ல போதை மருந்து விக்கிறவங்க பிடிச்சுக்கிட்டாங்க, சாதாரண ஜனங்க எட்டிக்கூட பார்க்க மாட்டாங்க. 1988ல மூடி வேலை பார்த்து 1992ல திறந்தாங்க. பெருசா என்ன பண்ணாங்கன்னா, செடிய எடுத்தாங்க, வாசல அகலப்படுத்துனாங்க, புது வழி வச்சாங்க, தூக்கிட்டுப் போய் எங்க வேணும்னாலும் போட்டுக்குற நாற்காலி ஆயிரக்கணக்குல போட்டாங்க. அதே நிலம்தான், இப்ப மத்தியானம் போனா நாற்காலி கிடைக்கிறது கஷ்டம். நம்ம ஊர்ல மஹாபந்துலா பார்க் எவ்வளவு சின்னது, ஆனா சாயங்காலம் பாருங்க, கூட்டம் எப்படி அம்முதுன்னு. 1850கள்ல வெள்ளக்காரன் கட்டம் கட்டமா ரங்கூன வரைஞ்சப்ப சூலே பயாவ மையமா வச்சான், பார்க் அதுக்கு பக்கத்துலயே, பஸ் எறங்குனவன், ஆபீஸ் விட்டவன், எல்லாரும் நடக்குற வழியிலயே அது இருக்கு. நடுவுல சுதந்திர தூண் நிக்குதா, எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கண்ணுக்கு ஒரு குறி. புள்ள தொலைஞ்சா கூட "தூண் கிட்ட வந்துடு"ன்னு சொல்லி வச்சுடலாம்.

ஒரு பக்கம் மட்டும் வழி இருக்குறதோட ஆபத்து பத்தியும் சொல்லணும். இன்யா ஏரி 1882, 83 வாக்குல நீர்த்தேக்கமா கட்டுனது, ப்ரோம் ரோட்டு பக்கம் நீளமா ஒரு கரை. சாயங்காலம் அங்க நடக்குறது ஒரு சுகம்தான், காத்து வரும், ஒரே குடைக்குள்ள ரெண்டு ரெண்டு பேரா காதலர்ங்க உக்காந்திருப்பாங்க, நாம பார்க்காத மாதிரி போகணும். ஆனா அது ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் ரோடும் வேலி போட்ட வீடுங்களும், முன்னாலயும் பின்னாலயும் அடைச்சா தப்பிக்க வழி கிடையாது. 1988 மார்ச் 16ல அங்க வெள்ளைப் பாலம்ங்கற எடத்துல ஊர்வலம் போன மாணவர்ங்கள ரெண்டு பக்கமும் அடைச்சு போலீஸ் அடிச்சத பெரியவங்க கிட்ட கேட்டா சொல்லுவாங்க, நான் இங்க விரிக்கல. அதுக்கப்புறம் எந்த பிளான் கையில வந்தாலும் நான் முதல்ல பார்க்குறது இந்த எடத்துல நின்னா வெளிய போக ரெண்டாவது வழி எதுங்கறதுதான். உங்களமாதிரி பொம்பளப் புள்ளைங்க இருட்டுற நேரத்துல நடக்கும்போது இத வாயால சொல்லாட்டியும் கால் கணக்கு போட்டுக்கிட்டேதான் இருக்கும். முன்னால கொஞ்ச தூரம் தெரியணும், செடி இடுப்புக்கு மேல வளரக் கூடாது, மரத்தோட கிளை தலைக்கு மேல நல்லா தூக்கி இருக்கணும், நடுவுல கண்ணு மறைக்கிற புதர் இருக்கக் கூடாது. காட்டி மறைக்கிறதுன்னு மேல சொன்னேனே, அது தூரத்து காட்சிக்குதான், பக்கத்துல வர்ற ஆள மறைக்கிறதுக்கு இல்ல.

நம்ம ஊர் வெயிலும் மழையும் தெரியாம வெளிநாட்டு படத்த காப்பி அடிச்சா என்ன ஆகும்னு நிறைய பார்த்துட்டேன். மே முதல் வாரத்துல ரங்கூன்ல மத்தியான சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிக்கும், நம்ம நெழலே நம்ம காலடியில சுருண்டுடும், அப்ப பாதைக்கு மேல கிளை குடை மாதிரி மூடணும், ஓரத்துல ஒல்லியா பனை மாதிரி வரிசை வச்சு பிரயோஜனம் இல்ல. அதுக்கு தூங்குமூஞ்சி மரம் மாதிரி அகல விரியுறது வேணும், இந்த ஊர் பழைய ரோட்டுல எல்லாம் அதுதானே. சாயங்காலம் நடக்குறவங்கதான் அதிகம்னா, தெற்கு வடக்கா போற பாதைக்கு மேற்குப் பக்கம் மரம் வைக்கணும். கிழக்கு மேற்கா நீளமா போற பாதையில அஞ்சு மணி வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும், அதுக்குதான் வளைவு வேணும், அங்க வளைவுக்கு காரணம் கிடைச்சாச்சு. மழைக்கு பாதைய ஒரு பக்கமா லேசா சரிச்சு போடணும், ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் இறக்கம், தண்ணி தேங்காது. பளபளன்னு டைல்ஸ் போடுறது பெரிய வியாதி, ஜூலை மாசம் பாசி பிடிச்சா வழுக்கி விழுந்து இடுப்ப உடைச்சுக்க வேண்டியதுதான், சொரசொரன்னு செங்கல்லோ கீறி விட்ட சிமெண்டோ போதும். மரத்தடியில தோண்டி காங்கிரீட் போட்டா வேர் அஞ்சு வருஷத்துல அத தூக்கிடும், இல்ல வேர வெட்டுனதால மரம் விழும், அங்க மட்டும் பலகையா தூக்கி போடுறது நல்லது.

அகலம் பத்தி ஒரு வரி. ரெண்டு பேர் பேசிக்கிட்டே நடக்க ஒண்ணரை மீட்டர், ரெண்டு சக்கர நாற்காலி ஒண்ண ஒண்ணு தாண்ட ஒண்ணே முக்கால், ரெண்டு மீட்டர். அத விட குறைச்சா அம்மா முன்னால பொண்ணு பின்னால வரிசையா நடக்கணும், பேச்சு நின்னுடும், பேச்சு நின்னா வலி ஞாபகம் வந்துடும். சரிவு வேணும்னா 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏத்தம், அதுக்கு மேல செங்குத்தா போகக் கூடாது.

பெஞ்சு போடுறதுல நம்ம ஆளுங்க பண்ற கூத்து தனி. பாதைக்கு முதுக காட்டிக்கிட்டு சுவர பார்த்து பெஞ்சு, இல்லாட்டி நட்ட நடு வெயில்ல பெஞ்சு. மனுஷன் முதுகுக்கு பின்னால மரமோ செடியோ இருக்குற எடத்துலதான் நிம்மதியா உக்காருவான், முன்னால ஜனங்க போறத பார்க்கணும், டீக்கடையில சுவரோர ஸ்டூல்தானே முதல்ல நிறையுது. பெஞ்ச பாதையில இருந்து ஒரு எட்டு உள்ள தள்ளி போட்டா நீட்டுன கால யாரும் இடற மாட்டாங்க. அம்மா மாதிரி ஆளுக்கு அம்பது அறுபது மீட்டருக்கு ஒண்ணு வேணும், கண்ணுக்கு அடுத்த பெஞ்சு தெரிஞ்சா "அது வரைக்கும் போலாம்"னு நடப்பாங்க.

"எங்க பார்க் ரொம்ப சின்னதுண்ணே, இதெல்லாம் எங்க வைக்க"ன்னு சொல்லாதீங்க. டவுன்ல ரெண்டு வரிசை வீட்டுக்கு நடுவுல இருக்குற பின் சந்து தெரியும்தானே, குப்பையும் சாக்கடையும் எலியுமா கிடந்தது, சில வருஷம் முன்னால அதுல சிலத சுத்தம் பண்ணி சுவர்ல படம் வரைஞ்சு தொட்டி வச்சு புள்ளைங்க விளையாட எடம் பண்ணாங்க. அந்த சந்து எவ்வளவு குறுகல், நேரா வேற இருக்கும், ஆனா அங்கங்க ஒரு திட்டு, ஒரு செடி, ஒரு ஊஞ்சல்னு வச்சதும் நடக்குறவன் நாலு எடத்துல நிக்கிறான், மாடியில இருந்து அக்காமாருங்க எட்டிப் பார்த்து பேசுறாங்க.

ஆக வார்டுல பேச உங்களுக்கு வாய்ப்பு கிடைச்சா, புது மரம் புது நீரூற்று எல்லாம் கேக்காதீங்க, நீரூற்று ஆறு மாசத்துல நின்னுடும், கொசுதான் மிச்சம். ரெண்டாவது கேட் கேளுங்க, அதுவும் சந்தைப் பக்கமோ பள்ளிக்கூடப் பக்கமோ. சுவரோர பாதைய உள்ள இழுக்கச் சொல்லுங்க, சுவருக்கும் பாதைக்கும் நடுவுல செடி வரட்டும். ஒரே வட்டமா வேண்டாம், எட்டு போட்ட மாதிரி ரெண்டு வளையமா கேளுங்க, அம்மா சின்ன வளையத்துல சுத்திட்டு உக்காரட்டும், நீங்க பெருசுல சுத்திட்டு வாங்க, நடுவுல சந்திச்சுக்கலாம். இருக்குற மரத்துல ரொம்ப பெருசு எதுவோ அத கேட்டுல இருந்து பார்த்தா பாதி மட்டும் தெரியுற மாதிரி பாதைய திருப்பச் சொல்லுங்க.

அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. முதல் மழை விழுந்த மறுநாள் விடியக்காலையில போன கையில எடுத்துக்கிட்டு பார்க்குக்கு போங்க, தரை ஈரமா இருக்கும்போதே. சேத்துல காலடி எங்க எங்க குறுக்க போகுது, சுவர்ல எந்த எடத்துல ஏறிக் குதிச்ச அடையாளம் இருக்கு, எந்த மரத்தடியில புல்லே இல்லாம உக்காந்து தேய்ஞ்சு கிடக்கு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பிளானோட எஞ்சினியர் வர்ற அன்னைக்கு, அவர் பேப்பர விரிக்கிறதுக்கு முன்னால அத காட்டிடுங்க.